ஓ, யூ, ஜி, ஹெச்: நான்கு எழுத்தின் நெடுங்கதை

1972-ஆம் ஆண்டு. தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தில்லிக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த வருடம் நாட்டின் பல பகுதிகளில் மழை பொய்த்துப் போனது. அதைப் பற்றிய குறிப்பு ஒன்றைக் கூட்டத்தில் உரக்கப் படிக்கும்படி என்னைப் பணித்தார்கள். முதல் வரியிலேயே வறட்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் வந்தது. நான் அதை ‘ட்ரோட்’ என்று படித்தேன். ‘ஆனாலும்’ என்று பொருள்படும் ‘தோ’ என்ற சொல்லில் இதே நான்கு எழுத்தும் ‘ஓ’ என்றுதானே ஒலிக்கிறது, இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நினைப்பு. மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ‘ட்ரவ்ட்’ என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார்.

ஆற்றில் தண்ணீர் வராத ஆடி மாதத்தையும், நாற்றங்கால் கருகுவதையும் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். வறட்சி என்றால் என்ன என்று அந்த அறையில் என்னைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லத் தெரியவில்லை என்பதால் அன்று தலைகுனிந்து உட்கார்ந்தேன்.

சிரிப்பு மறந்துபோயிற்று. ஆனால் அந்த எழுத்துக்கூட்டலின் மேல் எனக்கு ஒரு கண் இருந்துகொண்டே இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அகராதிகளையும் ஆங்கில மொழி வரலாற்று நூல்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, அதற்குள் ஆயிரம் வருடக் கதை ஒன்று இருப்பது தெரிந்தது. படிக்கப் படிக்க, அது நம் தமிழையும் தொட்டுக்கொண்டு போவதைக் கண்டேன். அதைத்தான் இந்த மலரில் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எட்டு வேஷம்

ஓ, யூ, ஜி, ஹெச் என்ற நான்கு எழுத்தும் இதே வரிசையில் வரும் சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். ‘தோ’ என்றால் ஆனாலும். ‘த்ரூ’ என்றால் ஊடாக. ‘டஃப்’ என்றால் கடினமானது. ‘காஃப்’ என்றால் இருமல். ‘பவ்’ என்றால் மரக்கிளை. ‘தாட்’ என்றால் எண்ணம். ‘தரா’ என்றால் முழுமையான. ‘ஹிக்கப்’ என்றால் விக்கல். இதை வேறு விதமாக எழுதுவதும் உண்டு. ஆக, ஒரே நான்கு எழுத்து எட்டு வேஷம் போடுகிறது.

இதே குடும்பத்தில் இன்னும் பல சொற்கள் உண்டு. ‘ரஃப்’ கரடுமுரடு, ‘இனஃப்’ போதும், ‘ட்ராஃப்’ மாட்டுத் தொட்டி, ‘ப்ளவ்’ கலப்பை, ‘டோ’ பிசைந்த மாவு, ‘பாட்’ வாங்கினான், ‘ஃபாட்’ சண்டையிட்டான். ‘ஸ்லவ்’ என்று சொன்னால் சேறு. அதே எழுத்துகளை ‘ஸ்லஃப்’ என்று சொன்னால் பாம்பு உரித்துப் போட்ட சட்டை. இந்த இரண்டும் ஒரு சொல்லே அல்ல. வேறு வேறு வேரிலிருந்து வந்து ஒரே எழுத்துக்கூட்டலில் மாட்டிக்கொண்டவை.

ஓ-வுக்குப் பதிலாக ஏ வந்தாலும் இதே பாடுதான். மகளைக் குறிக்கும் ‘டாட்டர்’ என்ற சொல்லில் முதல் எழுத்தை மட்டும் மாற்றினால் ‘லாஃப்டர்’, அதாவது சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு முன்னால் ஓர் எஸ் சேர்த்தால் ‘ஸ்லாட்டர்’, அதாவது படுகொலை. பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்கும் பிள்ளை, ‘ஏன் இப்படி?’ என்று கேட்டால், ‘அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு’ என்பதே நாம் சொல்லும் பதில். அதற்கு உண்மையான பதில் ஒன்று இருக்கிறது.

தொண்டைக்குள் இருந்த ஒலி

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொற்களில் ஊமை எழுத்து எதுவும் கிடையாது. எழுதியதெல்லாம் ஒலித்தது. கடினத்தைக் குறித்த சொல் ஏறக்குறைய ‘டோஹ்’, கரடுமுரடு ‘ரூஹ்’, ஊடாக என்பது ‘துர்ஹ்’. இறுதியில் நான் ‘ஹ்’ என்று எழுதியிருப்பது நம் வாயில் வரும் லேசான மூச்சொலி அல்ல. தொண்டையை உரசிக்கொண்டு வரும் கனமான ஒலி.

அந்த ஒலி இன்றும் சாகவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஏரியைக் குறிக்கும் தம் சொல்லின் கடைசியில் அதைச் சொல்கிறார். அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லோ இதே ஓ, யூ, ஜி, ஹெச் கொண்டுதான் எழுதப்படுகிறது. அங்கே அந்தத் தொண்டை ஒலி இன்னும் குடியிருக்கிறது. ஆங்கிலத்துக்குச் சகோதர மொழியான ஜெர்மனிலும் இது உண்டு. ஆங்கிலத்தின் ‘டாட்டர்’ அங்கே ‘டோஹ்டர்’. ‘நைட்’ அங்கே ‘நாஹ்ட்’. ஆங்கிலேயர் எழுதிவிட்டு விழுங்குகிற ஒலியை ஜெர்மானியர் இன்றும் வாய்விட்டுச் சொல்கிறார்கள்.

தமிழிலும் இதற்குக் கிட்டத்தட்ட ஓர் உறவு உண்டு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதுதான் நம் ஆய்தம். எஃகு, அஃது, இஃது என்ற சொற்களில் மூன்று புள்ளியாக நிற்கும் எழுத்து. தொல்காப்பியம் இதைச் சார்பெழுத்துகளில் ஒன்றாக வைக்கிறது. பழைய ஆய்தத்தின் ஒலி தொண்டை உரசலைச் சார்ந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. இன்றைய பேச்சில் அந்த ஒலி ஏறக்குறைய இல்லை. எழுத்து மட்டும் இருக்கிறது. அதையே பகரத்தின் முன்னால் போட்டு ‘காஃபி’, ‘ஃபேன்’ என்று ஆங்கில ஒலியை எழுதப் பயன்படுத்திக்கொள்கிறோம். தொண்டைக்குரிய எழுத்து உதட்டு ஒலிக்கு வேலை செய்யப் போயிருக்கிறது. இந்தச் செய்தியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்திலும் அந்த ஒலி இதே பயணம்தான் போயிற்று.

எழுத்தரும் அச்சுக்காரரும்

1066-இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினார்கள். அதன் பின்னர் பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் ஆங்கிலத்தைத் தம் வழக்கப்படி எழுதலானார்கள். ‘ஊ’ என்ற நெடிலை ஓ, யூ என்று இரண்டு எழுத்தால் எழுதுவது பிரெஞ்சு வழக்கம். தொண்டை ஒலிக்கு நாளடைவில் ஜி, ஹெச் என்ற இணை நிலைபெற்றது. ‘ரூஹ்’ என்ற சொல் இன்றைய எழுத்துக்கூட்டலுக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். அன்றைய கணக்கில் அது சரியான எழுத்துக்கூட்டல். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வேலை இருந்தது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். இங்கிலாந்தின் முதல் அச்சகம் அது. அவர் நெடுங்காலம் இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த புரூஜ் நகரில் வாழ்ந்தவர். பேயைக் குறிக்கும் ‘கோஸ்ட்’ என்ற சொல்லில் வேலையில்லாமல் நிற்கும் ஹெச், அந்த ஊர் எழுத்து வழக்கிலிருந்து அவருடைய அச்சகம் வழியாக நுழைந்தது என்பார்கள்.

அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல உறையத் தொடங்கியது. ஆனால் பேச்சு உறையவில்லை. ஏறக்குறைய 1400-க்கும் 1700-க்கும் இடையில் ஆங்கிலத்தின் நெடில் உயிர்கள் எல்லாம் வரிசையாக இடம் மாறின. அதே காலத்தில் தொண்டை ஒலியும் விடைபெற்றுக்கொண்டிருந்தது. 1755-இல் சாமுவேல் ஜான்சனின் பேரகராதி வந்து பழைய எழுத்துக்கூட்டலுக்கு முத்திரை குத்தியபோது, எழுத்து ஒரு காலத்திலும் பேச்சு வேறொரு காலத்திலும் நின்றன. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போனவர்களின் பெயர்ப் பலகை வாசலில் தொங்குகிற மாதிரி, ஒலி போன பிறகும் ஜி-யும் ஹெச்-சும் தொங்கிக்கொண்டிருந்தன.

சில உதட்டுக்கு வந்தன, சில கரைந்தன

அப்படியானால் எல்லாச் சொல்லிலும் ஒரே மாதிரி மறைந்திருக்க வேண்டியதுதானே? சிலவற்றில் ‘ஃப்’ எங்கிருந்து வந்தது?

சொல்லின் இறுதியில் நின்ற தொண்டை ஒலி, பல வட்டாரங்களில் உதட்டுக்கு இடம் பெயர்ந்து ‘ஃப்’ ஆயிற்று. டஃப், ரஃப், இனஃப், காஃப் எல்லாம் இந்த வழி. ஆனால் பன்மை, வேற்றுமை விகுதிகள் சேர்ந்தபோது அந்த ஒலி இரண்டு உயிர்களுக்கு நடுவே வந்தது. அங்கே அது மெலிந்து வகரம் போலாகி, முன்னிருந்த உயிரோடு கரைந்துவிட்டது. ‘பவ்’, ‘ப்ளவ்’ இந்த வழி. ‘போதும்’ என்பதற்கு ‘இனஃப்’ என்றும், பன்மையில் ‘இனவ்’ என்றும் இரண்டு வடிவம் பழைய ஆங்கில நூல்களில் இருந்தது இதற்கு நல்ல சாட்சி. வட்டாரத்துக்கு ஒரு வழக்கு இருந்தது. எல்லா வட்டாரத்து மக்களும் வந்து குடியேறிய லண்டன், இங்கிருந்து ஒன்றும் அங்கிருந்து ஒன்றுமாகப் பொறுக்கிக்கொண்டது. குள்ளரைக் குறிக்கும் ‘ட்வார்ஃப்’ என்ற சொல்லிலும் முன்பு இதே தொண்டை ஒலிதான். அதற்கு மட்டும் அதிர்ஷ்டம். எழுத்தையும் எஃப் என்று மாற்றிக்கொண்டது.

தொண்டை ஒலி உதட்டுக்கு வருவதாவது என்று வியக்க வேண்டியதில்லை. நம் வீட்டுப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும். எழுத்தில் மகன், பேச்சில் பல ஊர்களில் மவன். எழுத்தில் பிறகு; பேச்சில் பொறவு. ககரம் அண்ணத்தின் பின்பக்கம் பிறப்பது. வகரம் உதட்டில் பிறப்பது. இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டிய ககரம் மெலிந்து வகரமாகிறது. ‘பவ்’ என்ற சொல்லில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

அடியோடு கரைந்த கதையும் நம்மிடம் உண்டு. அகப்பை பேச்சில் ஆப்பை. அகம் என்றால் வீடு. அதிலிருந்து வந்த அகத்துக்காரர் ஆத்துக்காரர் ஆனார், அகமுடையான் ஆம்படையான் ஆனான். ககரம் போன இடத்தில் முன்னிருந்த அகரம் நீண்டு ஆகாரமானது. போனவரின் இடத்தையும் சேர்த்து அடைத்துக்கொண்டது. இரவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலும் இதே கணக்குதான். முதலில் ‘நிஹ்ட்’ என்று குறிலாக இருந்தது, தொண்டை ஒலி போனதும் ‘நீட்’ என்று நீண்டது. பிறகு உயிர்கள் இடம் மாறியபோது ‘நைட்’ ஆனது. பக்கத்து வீட்டு மலையாளி, மகனை ‘மோனே’ என்றும் மகளை ‘மோளே’ என்றும் கூப்பிடுவதை நாம் தினமும் கேட்கிறோம். அங்கும் ககரம் இப்படித்தான் போயிற்று.

ஆங்கிலமும் தமிழும் உறவு மொழிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அவை வேறு வேறு குடும்பம். மனிதர்களின் தொண்டையும் நாக்கும் உதடும்தான் ஒன்று.

பொருளுக்குள் ஒரு நடை

ஒலியை விட்டுப் பொருளுக்கு வருவோம். இந்தக் குடும்பத்துச் சொற்களின் பழைய பொருளைத் தேடிப் போனால் சில இடங்களில் நமக்குத் தெரிந்த முகங்கள் எதிர்ப்படும்.

மரக்கிளை என்று பொருள்படும் ‘பவ்’ பழைய ஆங்கிலத்தில் தோளையும் கையையும் குறித்த சொல். மரத்தின் கை என்பதால் கிளை ஆயிற்று. இதற்கு வடமொழியில் உடன்பிறப்பு ‘பாஹு’. 1786-இல் கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளும் அந்தக் குடும்பமே. ‘ஆஜானுபாகு’ என்று நெடிய ஆளைச் சொல்கிறோம் அல்லவா? முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவன் என்பது அதன் பொருள். அதில் ‘பாகு’ ஆங்கிலத்தின் ‘பவ்’வுக்கு உறவு, ‘ஜானு’ ஆங்கிலத்தின் ‘நீ’, அதாவது முழங்காலுக்கு உறவு. அந்த ‘நீ’யிலும் முதல் எழுத்தான கே ஊமை. வெள்ளைக்காரர் எழுதி விழுங்கும் இரண்டு ஒலியையும் கடன் வாங்கிய நாம் சுத்தமாக உச்சரித்துக்கொண்டிருக்கிறோம்.

பிசைந்த மாவைக் குறிக்கும் ‘டோ’ இன்னும் சுவாரஸ்யம். பிசைந்து உருவாக்குதல் என்ற அதன் வேரிலிருந்து வடமொழியில் வந்தது ‘தேஹ’, நம் வழக்கில் தேகம். மண்ணைப் பிசைந்து செய்தது போன்றது உடல் என்ற எண்ணம். சீமாட்டியைக் குறிக்கும் ‘லேடி’ என்ற சொல்லும் இந்த வேரைச் சேர்ந்ததே. ரொட்டி மாவு பிசைபவள் என்பதே அதன் பழைய பொருள். சப்பாத்திக்கு மாவு பிசையும் நம் வீட்டுப் பெண்மணிகள் எல்லாரும் சொல்லின் நேர்ப்பொருளில் லேடிகள்தான்.

‘செய்ய வேண்டும்’ என்ற கடமையைச் சொல்லும் ‘ஆட்’ என்ற சொல், கடன்படுதலைக் குறிக்கும் ‘ஓ’ என்ற வினையின் பழைய இறந்தகால வடிவம். பட்ட கடன் கடமையாயிற்று. தமிழுக்கு இது புதிதல்ல. நம் மொழியில் கடன் என்ற ஒரே சொல்லே வாங்கிய பணத்தையும் செய்ய வேண்டிய கடமையையும் குறிக்கும். உறவில்லாத இரண்டு மொழி ஒரே எண்ணத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ஊடாக என்ற ‘த்ரூ’வும் முழுமையான என்ற ‘தரா’வும் பிறப்பில் ஒரே சொல். ஒரு பொருளின் ஊடே முழுவதும் போய் வந்தால் அது முழுமை. காலப்போக்கில் ஒலியும் எழுத்தும் பிரிந்து, பொருளைப் பங்கு போட்டுக்கொண்டன. தமிழில் பகுதியும் பாதியும் இப்படிப் பிரிந்த பிள்ளைகள். பகுதியின் ககரம் கரைந்து பாதி ஆனது. இன்று பகுதி என்றால் ஏதோ ஒரு பங்கு, பாதி என்றால் சரி பங்கு. பேச்சில் தேய்ந்த வடிவத்தைத் தவறு என்று தள்ளியிருந்தால் ‘பாதி’ என்ற அருமையான சொல்லை நாம் இழந்திருப்போம்.

பொய்ச் சாட்சிகள்

எழுத்தைப் பார்த்து வரலாற்றைச் சொல்லிவிடலாம் என்று முடிவுகட்டுவதும் ஆபத்து. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ என்ற சொல்லில் ஜி, ஹெச் நிற்கிறது. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அதில் எக்காலத்திலும் தொண்டை ஒலி இருந்ததில்லை. வெளிச்சத்தைக் குறிக்கும் ‘லைட்’ என்ற சொல்லைப் பார்த்து, இதற்கும் அப்படித்தான் இருக்கும் என்று பிற்காலத்தில் சேர்த்துவிட்டார்கள். விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’பும் அப்படியே, இருமலோடு தொடர்பு இருக்கும் என்று தவறாக எண்ணி, அதன் வாலில் இருமல் சொல்லை ஒட்டவைத்தார்கள்.

நாமும் சளைத்தவர்கள் அல்ல. ‘சுவற்றில் எழுதாதீர்’ என்று எத்தனை சுவரில் எழுதியிருக்கிறது! கிணறு, கிணற்றில் ஆகும். அதைப் பார்த்துச் சுவருக்கும் ஒரு றகரத்தை இழுத்துவந்துவிட்டோம். சுவர் என்பது சுவரில் என்றுதான் ஆகும்.

இன்னொரு பொய்ச் சாட்சியும் உண்டு. ஜி, ஹெச், ஓ, டி, ஐ என்று எழுதி அதை ‘ஃபிஷ்’, அதாவது மீன் என்று படிக்கலாம் என்ற வேடிக்கையைப் பலர் பெர்னாட் ஷாவின் பெயரில் சொல்வார்கள். ஷா பிறந்தது 1856-இல். அந்த வேடிக்கை 1855-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. தவிரவும், சொல்லின் தொடக்கத்தில் ஜி, ஹெச் ஒருபோதும் ‘ஃப்’ என்று ஒலிப்பதில்லை. ‘ஃப்’ ஆனது இறுதியில் நின்ற ஒலி என்று மேலே பார்த்தோம். பைத்தியக்காரத்தனம் போலத் தெரிந்தாலும் அதற்கும் ஒரு நியாயம் உண்டு.

திருத்தப் புறப்பட்டவர்கள்

இதையெல்லாம் ஒழுங்குபடுத்திவிடலாமே என்று பலர் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் 1789-இலேயே டஃப், ரஃப் போன்ற சொற்களை ஒலிக்கிறபடி மூன்றே எழுத்தில் எழுதச் சொன்னார். அவை எடுபடவில்லை, கலப்பைக்கு அவர் சொன்ன சுருக்கமான எழுத்துக்கூட்டல் மட்டும் அமெரிக்காவில் நிலைத்தது. 1906-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், தோ, த்ரூ உள்ளிட்ட 300 சொற்களைச் சுருக்கி எழுதும்படி அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன, நாடாளுமன்றம் எதிர்த்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் 1934-இல் சுருக்க எழுத்துக்கூட்டலைத் தொடங்கி, 1975-இல் கைவிட்டது. எஞ்சியவை கடைப் பலகைகளில் மட்டும்தான். நம் ஊர் மால்களில் டோநட் விற்கும் கடைப் பலகையைப் பார்த்தால், மாவைக் குறிக்கும் ‘டோ’வின் யூ, ஜி, ஹெச் மூன்றும் காணாமல் போயிருக்கும்.

தமிழ்நாட்டில் 1978-இல் அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் வெற்றி பெற்றது. பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்ட முறை அது. அது ணா, றா, னா, லை, ளை போன்ற எழுத்துகளின் வடிவத்தை மட்டும் மாற்றியது. சொல்லின் எழுத்துக்கூட்டலைத் தொடவில்லை. எழுத்துக்கூட்டலையும் பேச்சுப்படி மாற்றப் புறப்பட்டிருந்தால், யாருடைய பேச்சுப்படி என்ற கேள்வி வந்திருக்கும். நெல்லையா, கோவையா, தஞ்சையா, சென்னையா? ஆங்கிலத்தில் திருத்தக்காரர்களுக்கு வந்த இடையூறுகளில் இதுவும் ஒன்று. லண்டன்காரரும் ஸ்காட்லாந்துக்காரரும் அமெரிக்கரும் ஒரே சொல்லை வேறு வேறாகச் சொல்கிறார்கள். எழுத்து அவர்கள் எல்லாருக்கும் பொதுச் சத்திரம். நம் சங்கத்திலேயே எத்தனை மாவட்டத்துப் பேச்சு கலந்திருக்கிறது! எல்லாரும் இந்த மலரைப் படிக்க முடிவது பொது எழுத்து ஒன்று இருப்பதால்தான்.

ஆப்பை

இவ்வளவும் சொல்ல எனக்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்வதெழுதுதல் வைத்தேன். சமையலறைப் பொருள் ஐந்தின் பெயரை அவர்களாகவே எழுத வேண்டும் என்பது கடைசிக் கேள்வி. ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ‘ஆப்பை’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்து, ‘அகப்பைன்னு எழுதணும். ஆப்பைன்னு ஒரு வார்த்தையே கிடையாது’ என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். பையன் எழுந்து நின்று கேட்டான்: ‘எங்க பாட்டி ஆப்பைன்னுதான் சொல்வாங்க. பாட்டி தப்பாப் பேசறாங்களா, அங்கிள்?’

நான் என்னமோ சொல்லி மழுப்பினேன். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1972-இல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எனக்குப் பாடம் சொன்ன மேலதிகாரியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவராவது ஒரு சொல்லைத்தான் திருத்தினார். நான் ஒரு பிள்ளையின் பாட்டியையே தப்பாக்கிவிட்டேன். தில்லியில் வளரும் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் என்பது பெரும்பாலும் அந்தப் பாட்டியின் வாய்தான்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாட்டி காபி கொடுத்தார்கள். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ‘பாட்டி சொல்றது சரிதாண்டா. எழுதறப்ப மட்டும் நடுவுல ஒரு க வரணும். ரொம்ப நாள் முன்னாடி எல்லாரும் அந்தக் க-வைச் சொன்னாங்க. அப்புறம் வாய் விட்டுடுச்சு, எழுத்து விடல’ என்றேன். ‘நைட்ல ஜி, ஹெச் இருக்கே, அது மாதிரியா?’ என்று கேட்டான். அது மாதிரியேதான் என்றேன். பள்ளியில் அந்த ஜி, ஹெச்சை அவன் முணுமுணுக்காமல் எழுதிக்கொண்டிருந்தான். ஆங்கிலம் தப்பு என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை. தமிழில் மட்டும் எழுத்தும் பேச்சும் வேறாக இருந்தால் யாரோ தவறு செய்கிறார்கள் என்ற எண்ணத்தை அவனுக்கு ஊட்டியது நாங்கள்தான். அந்த வார ஞாயிறு வந்தான்.

இங்கே வளரும் குழந்தைகள் தமிழைக் கைவிடும்போது சொல்லும் முதல் காரணம், ‘பேசறது ஒண்ணு, எழுதறது ஒண்ணு’ என்பதுதான். ஹிந்தியில் இவ்வளவு தொல்லை இல்லையே என்பார்கள். அவர்களிடம் இந்த ஓ, யூ, ஜி, ஹெச் கதையைச் சொல்லிப் பாருங்கள். நெடுங்காலம் எழுத்தில் வாழ்ந்த மொழி எதிலும் வாய் முன்னே போகும், எழுத்து பின்னே நிற்கும். இரண்டில் எதுவும் பொய்யில்லை.

இப்போதெல்லாம் ‘மவன்’, ‘பொறவு’, ‘ஆப்பை’ போன்ற சொற்களுக்கு நான் சிவப்புக் கோடு போடுவதில்லை. பக்கத்தில் எழுத்து வடிவத்தை எழுதிவிட்டு, ‘வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்கிறேன். ஒரு சொல்லுக்கு நான்கு ஊர்ப் பேச்சு கிடைக்கிறது. வகுப்பில் இப்போதும் சிரிப்பு உண்டு, யாரும் தலைகுனிவதில்லை.